கீழ் விளிம்பு அரை அங்குலம் அதிகம்

இலோய்லோ
17 ஜனவரி 2005

கிறிசாந்தோ,

நீ அனுப்பிய இயந்திரம் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பெட்டியை உள்ளே கொண்டுவர வாசல் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. அமெரிக்க மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட், நம்முடையது இருநூற்றிருபது என்று பெட்டியின்மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தாய். அதனால் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்த பிறகுதான் செருகினேன். ஓடுகிறது.

ஓடுவது வேறு, வெட்டுவது வேறு. படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வருகிற மவுண்ட் அட்டையை நீ இந்தக் கடையில் பதினெட்டு வருடம் கையால் வெட்டினாய். நீ போன நான்கு வருடத்தில் அந்த வேலைக்கு மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போய்விட்டார்கள். கடைசி ஆள் டிசம்பரில் சிங்கப்பூருக்குக் கிளம்பினார். மார்ச்சில் பட்டமளிப்பு. ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளின் சான்றிதழையும் அங்கி போட்டு எடுத்த டோகா படத்தையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதற்குள் இந்த இயந்திரத்தை நான் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடையை மூடிவிடலாம்.

நேற்று முதல் வெட்டு. சான்றிதழ் பதினொன்றுக்குப் பதினான்கு அங்குலம். அட்டையின் நடுவில் படம் தெரிய வெட்டும் 'ஜன்னல் அளவு' என்ன என்று திரை கேட்டது. பதினொன்று, பதினான்கு என்று கொடுத்தேன். ஓரத்தில் சாய்வு பிசகாமல் அழகாக வெட்டியது. சான்றிதழைப் பின்னால் வைத்தேன். ஜன்னல் வழியாக முன்பக்கம் வந்து விழுந்தது. இயந்திரம் சற்றுப் பெரிதாக வெட்டுகிறது என்று நினைத்து ஆறு முறை அதன் அளவைத் திருத்தினேன். ஆறு அட்டைகள் வீண்.

பெபாங் கண்ணாடி வெட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"மேடம், காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தவங்கதானே நீங்க?"

"கணக்கு சரியாத்தான் இருக்கு பெபாங்."

"கணக்கு சரிதான். படந்தான் நிக்கமாட்டேங்குது."

தொலைபேசியில் வேண்டாம். கார்டு தீர்ந்து பேச்சு பாதியில் நின்றுவிடும். எழுது.

எர்மினியா


சாக்ரமெண்டோ
2 பிப்ரவரி 2005

எர்மி,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே வாசித்துச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. முதல் நாள் எல்லோரும் செய்கிற தப்புதான். நானும் செய்தேன், அதுவும் இருபது வருஷ அனுபவத்தோடு. கையால் வெட்டும்போது கை தானாகவே கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டிவிடும். யோசிக்கவே மாட்டோம். மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சொன்னதை வெட்டும்.

ஜன்னல் எப்போதும் படத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் அட்டை படத்தின்மேல் ஏறி உட்கார வேண்டும். அப்போதுதான் பிடிமானம். பதினொன்று என்றால் பத்தேமுக்கால் கொடு. பதினான்குக்குப் பதிமூன்றேமுக்கால்.

பிளேடை முப்பது அட்டைக்கு ஒரு தடவை மாற்று. நடுத்துண்டு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றால் பிய்த்து இழுக்காதே. பழைய பிளேடால் லேசாகத் தொட்டு எடு. கையேடும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. படி. நீதான் படிக்கிற ஆளாயிற்றே.

நான் நலம். இங்கே குளிர். அக்கா வீட்டிலிருந்து வேறு இடத்துக்கு மாறிவிட்டேன். இனிமேல் கடை முகவரிக்கே எழுது.

கிறிசாந்தோ


இலோய்லோ
19 பிப்ரவரி 2005

கிறிசாந்தோ,

எட்டில் ஒரு அங்குலம் வேலை செய்கிறது. இதுவரை முப்பத்திரண்டு சான்றிதழ்கள் முடித்தாயிற்று. ஒன்றும் விழவில்லை.

கையேட்டைப் படித்தேன். அதை எழுதியவருக்கு இயந்திரம் தெரியும், கற்றுக்கொள்கிறவரைத் தெரியாது. ஆனால் பக்க ஓரங்களில் யாரோ பென்சிலால் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அவருக்கு இரண்டும் தெரிந்திருக்கிறது. 'கீழ் இடது மூலையை நம்பாதே, கொஞ்சம் தாண்டிப் போகும்' என்று ஒன்று. அளந்து பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டுகிறது. 'வேகத்தைக் குறை, உனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை' என்று இன்னொன்று. பெண் கையெழுத்துபோல இருக்கிறது. யார் என்று விசாரித்து என் நன்றியைச் சொல்.

இரண்டு சந்தேகங்கள். டோகா படத்துக்கு முட்டை வடிவ ஜன்னல் கேட்கிறார்கள். அதை எப்படிப் போடுவது?

அடுத்தது. நேற்று ஒரு பெண் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தாள். அதில் அவள் மட்டும் தெரிய வேண்டுமாம். கணவன் பாதியைக் கத்தரித்துவிடலாமா என்று பெபாங் கேட்டாள்.

"ஐயோ, கத்திரி போடாதீங்க. சட்டப்படி அவரு இன்னும் எம் புருஷன்தான். அட்டைக்கு அடியில கெடக்கட்டும்."

"மூச்சு முட்டாதா?" என்றாள் பெபாங்.

"அவரு இருக்கிற எடத்துல நல்லாவே மூச்சு விடறாரு."

ஜன்னலின் அளவை மாற்றாமல் அதை இடதுபக்கம் நகர்த்துவது எப்படி?

எர்மினியா


சாக்ரமெண்டோ
6 மார்ச் 2005

எர்மி,

நகர்த்துவது சுலபம். நான்கு விளிம்பும் சமம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இருக்கும் குறியை எடுத்துவிடு. பிறகு இடது, வலது விளிம்புகளைத் தனித்தனியாகக் கொடுக்கலாம்.

முட்டை வடிவத்தை எழுதிப் புரியவைக்க முடியாது. அந்த மெஷின் இங்கே ஆறு வருஷம் ஓடியது. பழைய வேலைகள் எல்லாம் அதன் நினைவிலேயே இருக்கின்றன. பட்டியலைத் திற. ஒத்துவருகிற ஒன்றை எடுத்து, அளவை மட்டும் மாற்றிக்கொள். நானே அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

குறிப்பு எழுதியது கடைக்காரம்மா. பெயர் நடீன். கணவர் இறந்த பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே கற்றுக்கொண்டவர். உன் நன்றியைச் சொன்னேன்.

கிறிசாந்தோ


இலோய்லோ
24 மார்ச் 2005

கிறிசாந்தோ,

பட்டியலைத் திறந்தேன். ஆயிரத்து நானூற்றுப் பதினேழு வேலைகள் இருக்கின்றன. முட்டை வடிவம் எதில் இருக்கிறது என்று தெரியாததால் முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன்.

தொள்ளாயிரத்து மூன்றாவது வேலை, 2003 டிசம்பர். வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கிறிஸ் - நடீன், படுக்கையறை' என்று இருக்கிறது. மூன்று ஜன்னல்கள். இரண்டு பக்கமும் நீள்சதுரம், நடுவில் முட்டை வடிவம். எனக்குத் தேவைப்பட்டது அதுதான். ஒரு பழைய அட்டையில் வெட்டிப் பார்த்தேன். மூலைகள் சுத்தமாக வந்தன. அன்றைக்கு மீதி பதினொரு சான்றிதழ்களையும் முடித்துவிட்டுத்தான் கடையைச் சாத்தினேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அதில் மற்ற மூன்று பக்கத்தையும்விடக் கீழ் விளிம்பு அரை அங்குலம் அதிகமாக இருக்கிறது. ஏன்?

எர்மினியா


சாக்ரமெண்டோ
9 ஏப்ரல் 2005

எர்மி,

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நான்கு விளிம்பும் சமமாக இருந்தால், சுவரில் மாட்டும்போது படம் கீழே சரிகிற மாதிரி கண்ணுக்குத் தெரியும். அதனால் கீழே கொஞ்சம் கூட்டி வைப்பது வழக்கம். கையால் வெட்டிய காலத்திலும் அப்படித்தான் வெட்டினேன். நீ கவனித்ததில்லை.

மெஷினை அனுப்புவதற்கு முன்னால் அழித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவாயோ என்னவோ. உண்மையிலேயே மறந்துவிட்டேன். அதைத் திறந்து பார்க்கச் சொன்னவனும் நான்தான்.

இரண்டு வருஷமாக நடீன் வீட்டில்தான் இருக்கிறேன். புது மெஷின் வாங்கியபோது பழையதை உனக்கு அனுப்பலாம் என்று சொன்னதும் அவள்தான்.

இதை நேரில் வந்து சொல்ல நினைத்திருந்தேன். நான் நடீனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் விவாகரத்து கிடையாது. உனக்கும் எனக்கும் நடந்தது தொடக்கத்திலிருந்தே கல்யாணம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்ல, மோதிரம் மாற்றிய நாளன்றே நம் இருவரில் ஒருவர், கல்யாணம் என்றால் என்னவென்று புரிந்துகொள்ளும் மனத்திறன் இல்லாதவராக இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் நானாகவே இருக்கட்டும். பழி முழுக்க என்மேல். நீ ஆமாம் என்று சொன்னால் போதும்.

கிறிசாந்தோ


இலோய்லோ
2 மே 2005

கிறிசாந்தோ,

பட்டமளிப்பு வேலை முடிந்துவிட்டது. நூற்றுப் பதினெட்டுச் சான்றிதழ்கள். கடை மூடப்படாது.

நீ கேட்டிருப்பதைப் பெபாங்கிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

"கல்யாணம்னா என்னன்னு புரியாத நோயா? இந்த ஊர்ல பாதி ஆம்பளைக்கு அது இருக்கு மேடம். யாரும் சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கலை, அவ்வளவுதான்" என்றாள்.

நான் அழுகிறேனா என்று அவள் அடிக்கடி வந்து பார்க்கிறாள். அழவில்லை. மார்ச்சிலிருந்து எதுவும் சரியாக உறைப்பதில்லை. சாப்பாட்டில் உப்பு போதுமா என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

எதற்கு ஆமாம் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் அனுப்பு. வாசிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

எர்மினியா


சாக்ரமெண்டோ
20 மே 2005

எர்மி,

நம் ஊர் வக்கீல் தயாரித்த பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னிடம் இருந்த குறைகள், மொத்தம் ஏழு. இப்படித்தான் எழுத வேண்டுமாம், எல்லோருக்கும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தானாம். வாசித்துவிட்டு, 'மேற்கண்டவை உண்மை' என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிடு.

இந்தக் கடிதங்களை வைத்துக்கொள்ளாதே, எரித்துவிடு. இருவரும் பேசி வைத்துக்கொண்டு போட்ட வழக்கு என்று தெரிந்தால் தள்ளிவிடுவார்கள்.

உனக்கும் விடுதலைதானே எர்மி. யோசித்துப் பார்.

கிறிசாந்தோ


இலோய்லோ
8 ஜூன் 2005

கிறிசாந்தோ,

பட்டியலை இரண்டு முறை வாசித்தேன். பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, கல்யாணத்துக்கு முன்பே குடிக்கு அடிமை என்பது. நம் கல்யாண விருந்தில் நீ இரண்டு கிளாஸ் பியர் குடித்துவிட்டு அரிசி மூட்டைகளின்மேல் தூங்கிப் போனாய். உன் நண்பர்கள் அதை வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். குடிக்கு அடிமையானவன் இரண்டு கிளாஸில் தூங்க மாட்டான்.

மூன்றாவது, எல்லா முடிவுகளுக்கும் தாயையே சார்ந்திருந்தார் என்பது. உன் அம்மா 1979இல் இறந்துவிட்டார். நமக்குக் கல்யாணம் ஆனது 1983இல். வக்கீலிடம் சொல்.

நான்காவது, தொழிலில் பொறுப்பின்மை. 1984 புயலுக்கு மறுநாள், கூரையில் தகரம் இல்லாத கடையை எட்டு மணிக்குத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். 'படம் நனைஞ்சவங்க வருவாங்க' என்றாய். வந்தார்கள்.

ஐந்தாவதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மனைவியின் உணர்வுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் அறவே இல்லாதவர்.' 1991 நவம்பரில் ஆறாவது மாதத்தில் நம் குழந்தை போயிற்று. பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தேன். முகப்பில் மாதிரிக்காக மாட்டியிருந்த குழந்தைப் படங்களையெல்லாம் கழற்றிவிட்டு, அங்கே மலைப் படங்களை மாட்டி வைத்திருந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மலைகள் பல வருடம் அங்கேயே இருந்தன. ஆற்றல் இல்லாதவன் செய்கிற காரியம் இல்லை அது.

ஏழாவது, பொய் சொல்லும் இயல்பு. இது உண்மை. ஆனால் தேதி தவறு. 2003 என்று இருக்க வேண்டும்.

இரண்டும் ஆறும் பொதுவாக இருக்கின்றன. யாருக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும்.

கையெழுத்துப் போடவில்லை. கடிதங்களையும் எரிக்கவில்லை. அளவுகள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

எர்மினியா


சாக்ரமெண்டோ
25 ஜூன் 2005

எர்மி,

நான் உன்னிடம் விடைத்தாள் திருத்தச் சொல்லவில்லை. கையெழுத்துதான் கேட்டேன்.

அந்த மலைப் படங்களைப் பற்றி இப்போது எழுதுகிறாய். பதினான்கு வருஷம் கழித்து, வக்கீல் பட்டியலின் ஐந்தாவது எண்ணுக்குப் பதிலாக. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கவனித்தாயா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் கையெழுத்து இல்லாமலே மனு போட்டாயிற்று. அரசு வழக்கறிஞர் உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். அது சட்டம். அங்கே நீ பெரிதாக எதுவும் சொல்ல வேண்டாம். 'எனக்குத் தெரியாது' என்றாலே போதும், மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார். உனக்குத் தெரியாது என்று சொல்வது கஷ்டம் என்று தெரியும். இந்த ஒரு தடவை சொல்.

கிறிசாந்தோ


இலோய்லோ
14 செப்டம்பர் 2005

கிறிசாந்தோ,

அரசு வழக்கறிஞர் நேற்றுக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லிப் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லியும் பெபாங் கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வழக்கறிஞர் இளம்பெண். மேசையில் ஒரு கிண்ணம் பாச்சோய் நூடுல்ஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடச் சொன்னேன். பரவாயில்லை என்றாள்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் போட்ட கேஸா மேடம் இது?"

"கடுதாசி எழுதிக்குவோம். பெரும்பாலும் மிஷினப் பத்தி."

"என்ன மிஷின்?"

சொன்னேன். அவளுக்குச் சுவாரசியமாக இருந்தது.

"என்னோட டிப்ளமாவை எங்கம்மா இன்னும் சுருட்டியே வச்சிருக்காங்க."

"கொண்டாங்க. மடிப்பு விழறதுக்குள்ள போட்டுடலாம்."

பிறகு மனுவைப் புரட்டினாள்.

"கல்யாணத்தப்போ இவருக்கு அந்தப் பொறுப்பெல்லாம் புரியற நிலைமை இல்லைன்னு போட்டிருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்த வாக்கியத்தை வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

"புரிஞ்சுது" என்றேன்.

"எல்லாமேவா?"

"எனக்குப் புரிஞ்ச அளவுக்கு அவருக்கும் புரிஞ்சுது. சில நேரம் என்னைவிட நல்லாவே."

"அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனாரு?"

"போறோம்னு தெரிஞ்சுதான் போனாரு. புரியாம இல்ல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேடம், நீங்க இப்படிச் சொன்னா இந்தக் கேஸ் நிக்காது. அவருக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் வழி அடைஞ்சு போயிடும். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நான் இன்னும் எழுதலை."

"எழுதிக்குங்க."

உன்னைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. நீ அங்கேயே இரு. அவளோடு இரு. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1983 முதல் 2001 வரை நம் வீட்டில் இரண்டு பேர் தெரிந்தேதான் சேர்ந்து இருந்தார்கள். அப்படி யாரும் இருக்கவில்லை என்று எழுதிய தாளில் என் பெயர் வராது.

எனக்கு வருத்தமா என்று பெபாங் வழியில் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை என்றேன். அது உண்மை.

எர்மினியா


சாக்ரமெண்டோ
4 அக்டோபர் 2005

எர்மி,

விசாரணை அறிக்கையின் நகலை வக்கீல் அனுப்பியிருந்தார். ஒன்றரைப் பக்கம். நீ சொன்னதைச் சொன்னபடியே அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். மூன்று தடவை வாசித்தேன்.

முதல் தடவை கோபம்தான் வந்தது. அதை மறைக்கவில்லை. தாளை நடீனிடம் நீட்டினேன். ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, அவளே வாசித்தாள். வாசித்துவிட்டு, ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த அட்டைகளை எடுத்து மறுபடியும் அடுக்கினாள்.

"என்னைக் கூப்பிட்டுக் கேட்டா உன்னைப் பத்தி இவ்வளவு நிச்சயமாச் சொல்ல எனக்கு வராது" என்றாள். "அதுக்கு இன்னும் நாளாகும்."

பதினெட்டு வருஷம் ஒரே கடையில் நின்றோம். நான் வெட்டிய எதையும் நீ நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. 'அளவு சரி' என்பாய். என்னைப் பற்றி நீ சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் அந்த ஒன்றரைப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் மனுவைத் தள்ளப்போவதும் அதுதான்.

வக்கீல் போனில் பேசினார். "கவலைப்படாதீங்க சார், வேற வழி இருக்கு. மனநல டாக்டர் ஒருத்தரப் பிடிச்சு, உணர்ச்சியே இல்லாதவங்க உங்க வீட்டம்மாதான்னு எழுதி வாங்கிடலாம். கேஸ் இன்னும் பலமா நிக்கும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனுவையே திரும்பப் பெறச் சொல்லிவிட்டேன்.

அதற்காக நான் ஊருக்குத் திரும்பி வரப்போவதில்லை, எர்மி. இதையும் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கிறிசாந்தோ